சொக்கம்மாளின் நாலு கத்தரிச் செடி

தென்காசிப் பக்கம் நான் தாவரவியல் கற்பித்த கல்லூரியில் சொக்கம்மாள் ஆய்வுக்கூடப் பணிப்பெண். அதற்கு முன் கோயில் வாசலில் பூக் கட்டியவள். இலையின் அடித்தோலை அவளைப்போல் கிழியாமல் உரிக்க எங்களில் ஆளில்லை. அவள் உரித்த தோலின் ஊடாகத் தினசரி முழுவதும் படித்தேன் என்றால் புளுகு என்பீர்கள். தலைப்புச் செய்தி மட்டும் படித்தேன்.

1987. அச்சன்புதூரில் அவள் தோட்டத்துக் கத்தரி மூன்றாம் வருஷமாக வாடிச் செத்தது. அவள் அம்மா கொடுத்த விதை, வேறெங்கும் கிடையாது. விதைக் கலயத்தில் ஒரு பிடிதான் மிச்சம்.

"ரெண்டு ஆடி பொறுக்கேன். அப்பவும் வாடிச்சுன்னா உழுது நெல்லு போட்டிருவேன்" என்றார் புருஷன் மாடன்.

கத்தரியின் காட்டு உறவான வேலிச்சுண்டைக்கு அந்த வாடல் வராது. ஆனால் மகரந்தம் தூவினால் கத்தரியோடு சேராது. எனவே இரண்டின் இலைகளையும் தோலுரித்து, செல்லின் சுவர் கரையும் திரவத்தில் ஊறவைத்தோம். சுவரிழந்து உருண்டு நின்ற செல்களை ஒன்றோடொன்று கலக்க வைத்தோம், இரண்டும் சேர்ந்த செடி பிறக்கட்டும் என்று.

நுண்ணோக்கியில் பார்த்த சொக்கம்மாள், "கூறைச்சேலை இல்லாத கல்யாணமால்லா இருக்கு டீச்சர்!" என்றாள்.

நூற்றுக்கணக்கான தட்டுகளில் ஒன்றே ஒன்று தளிர்த்தது. குப்பியில் வளர்ந்தது வெயில் தாங்காது. குற்றாலத்தில் தன் தங்கை வீட்டுக் கொல்லையில் சாரலில் வைத்துத் தேற்றி, தோட்டத்தில் நட்டாள்.

கார்த்திகையில் காய்த்தது. பிளந்தாள். விதை இல்லை. ஒன்பது காயையும் பிளந்தாள். ஒன்றிலும் இல்லை. நாக்கில் வைத்தால் கசப்பு.

"இவ்வளவுதான் நம்மால் முடிந்தது" என்றேன்.

அவள் குனிந்து செடியின் அடி மண்ணைத் தோண்டினாள். சுற்றிலும் முன்பே வாடிய கத்தரி சாய்ந்து கிடக்க, அதன் வேர் மட்டும் வெள்ளையாய் இருந்தது.

"விதைதான இல்ல? வேரு இருக்குல்லா!"

கிளைகளை வெட்டி வேர்பிடிக்க வைத்தாள். கலயத்தில் மிஞ்சிய பிடி விதையை முளைக்கப் போட்டு, அந்த நாற்றின் நுனிகளை வேர்பிடித்த கிளைகளின் மேல் வைத்து, பூக் கட்டும் வாழைநாரால் ஒட்டுக் கட்டினாள். பத்தொன்பது கட்டியதில் நாலு பிழைத்தது. மீதி நாற்றை அப்படியே பக்கத்தில் நட்டாள்.

இரண்டாவது ஆடியில் மற்றதெல்லாம் வாடிவிட்டது. மாடன் மாடுகளோடு வந்து நின்றார்.

"நாலு செடிய வச்சு என்ன செய்யப் போறட்டி?"

சொக்கம்மாள் பழுத்த காயொன்றைப் பிளந்து நீட்டினாள். உள்ளே அம்மாவின் விதை, நெருக்க நெருக்கமாய்.

மாடன் ஏர் பூட்டினார். கலப்பை அந்த நாலு செடியையும் விட்டு விலகிச் சுற்றிப் போயிற்று.