எந்த ஏரோது என்று கேட்ட ரூபி

பாடாங் செராய் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கிரேஸ் போனில் அழைத்தாள். "அக்கா, ரூபி அக்கா போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்காம். காலையிலகூட பேசுனேன்..."

கிளினிக்கில் தாதியாக இருந்த ரூபியும் நானும் ஒரே வயதுக்காரர்கள். நம் சிறிய சபையில் வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பைச் சேர்ந்தே நடத்தினோம். வேதத்தில், பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற ஏரோது ராஜா இறந்துபோகிறான். இயேசுவை விசாரிக்கும் இடத்தில் மறுபடியும் ஏரோது நிற்கிறான். "செத்தவன் எப்படிம்மா திரும்பி வந்தான்?" என்று யாராவது கேட்டால் ரூபி சிரிப்பாள். "அது மகன். பேருதான் அதே, ஆளு வேற. பேர மட்டும் பாத்து ஆள முடிவு பண்ணிறாதீங்க."

அப்படி ஒரு வகுப்பில்தான் சாமுவேல் அண்ணன் வெடித்தார். அவர் மகள் கிரேஸை, புக்கிட் செலம்பாவில் இருக்கும் டேனியல் பெண் கேட்டிருந்தான். டேனியலின் தாத்தா பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கூலிகளை மேற்பார்த்த கங்காணி. கூலி உயர்வு கேட்டதற்காக அண்ணனின் தகப்பனாரைக் குடும்பத்தோடு தோட்டத்து லய வீட்டிலிருந்து விரட்டியவர்.

"அது ஏரோது குடும்பம். என் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

"எந்த ஏரோதுண்ணே?" என்றாள் ரூபி. "தாத்தன் பச்சப்புள்ளைங்களக் கொன்னான். மகன் யோவான் தலைய வெட்டுனான். பேரன் யாக்கோபக் கொன்னான். அந்தப் பேரனோட மகன் அகிரிப்பா, பவுல் சொன்னத உக்காந்து கேட்டான். இவன்மேல குத்தமில்லன்னு சொன்னான். அவனும் அதே ரத்தந்தானே?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். பிறகு சபைக்கே வரவில்லை. ரூபி வீடு தேடிப் போனாள். நானும் கூடப் போனேன். "மழையில சட்டி பானையோட ரோட்டுல நின்னோம்மா. எனக்கு அப்ப காய்ச்சல். ஒனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"தெரியாதுண்ணே. பாடம் எடுத்தேனே தவிர, ஒங்கள ஒரு வார்த்த கேக்கல. தப்புதான்" என்று கண் கலங்கினாள். அவர் சொன்னதையெல்லாம் முழுதாகக் கேட்டாள். அடுத்த முறை டேனியலைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அங்கிள், தாத்தா செஞ்சத எங்க வீட்டுல யாரும் பேசுனதே இல்ல. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்" என்றான் அவன். அண்ணன் வெகுநேரம் சொன்னார். குரல் உடைந்தபோதும் நிறுத்தவில்லை. டேனியல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் உள்ளே பார்த்து, "கிரேஸு, தம்பிக்குக் கோப்பி கலக்கிக் கொண்டா லா" என்றார். அந்தக் கல்யாணத்துக்கு நம்மில் பலர் போயிருந்தோம்.

அடக்கம் முடிந்த பிறகு சாமுவேல் அண்ணன் என்னிடம் சொன்னார்: "அந்தக் குடும்பத்த மன்னிச்சிருங்கன்னு அவ என்கிட்ட ஒரு தடவகூட சொல்லல, தெரியுமா?"

உண்மைதான். டேனியலுக்காகப் பேசியபோதும், அவன் தாத்தா செய்த கொடுமையை ரூபி சிறிதாக்கவில்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.