முப்பத்தொன்பதில் நிற்கும் பட்டியல்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இளைப்பாறுவது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். அங்கேயாவது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அவருடைய ஒரே தம்பி என்ற முறையில் இதை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் எழுந்துவிட்டேன்.

அக்கா பிறந்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. அக்கா பத்தாவது படிக்கும்போது ஆலையில் பிடித்த தீயில் அப்பாவின் இரண்டு கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டு மாற்றிய நர்ஸைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் தானும் அந்த வேலைக்கே போவது என்று அக்கா முடிவு செய்தார். அம்மா தீப்பெட்டி ஒட்டிப் படிக்க வைத்தார். அக்கா நர்ஸாகி, பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தீக்காய வார்டிலேயே கழித்தார்.

நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆராதனையில் பாட்டு முடிந்து எல்லோரும் அமர்ந்த பிறகும் அவர் ஓரமாக நிற்பார். தீபாவளி சீசன் நெருங்கினால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொள்வார். அப்படி ஒரு சீசனில் பெரிய விபத்து நடந்தது. மூன்று நாள் டூட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பியவர், வீட்டுக்குப் போக மனமில்லாமல் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் இறங்கிவிட்டார். அங்கே பறவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் தன் பைனாகுலரை நீட்டியிருக்கிறார். பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம். இருட்டும் வரை அக்கா அங்கேயே இருந்திருக்கிறார்.

அதிலிருந்து தொடங்கியதுதான், பார்த்த பறவைகளின் பட்டியல். நான் வேலை பார்க்கும் திருத்தங்கல் அச்சகத்தில் அச்சுப் பிசகி ஒதுக்கிய டைரி ஒன்றை ஒவ்வொரு டிசம்பரிலும் அக்காவிடம் கொடுப்பேன். ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் அதில் எண் ஒன்று போட்டுக் காகம் என்று எழுதுவார். போன வருடம் பார்த்தது எதுவும் இந்த வருடக் கணக்கில் சேராது. அடுத்தவர் பார்த்ததும் சேராது. சந்தேகம் இருந்தாலும் சேராது. டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் அவரோடு இருக்கவே முடியாது. சூறைக்குருவி இன்னும் வரவில்லை, அது வரவில்லை, இது வரவில்லை என்று வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார்.

என் மகளின் நிச்சயதார்த்தம் அப்படியொரு டிசம்பர் கடைசியில் நடந்தது. அத்தைதான் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். ஜெபம் முடிந்து பார்த்தால் அக்காவைக் காணோம். பெண்ணின் அத்தை எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை கேட்டார்கள். கடைசியில் என் மனைவியின் தங்கை பூ வைத்தாள். பந்தி முடியும் நேரத்தில், பட்டுச்சேலையின் கரையெல்லாம் சேறாக அக்கா வந்தார். பக்கத்துக் கண்மாயில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுப் போயிருக்கிறார்.

“பார்த்துட்டேன்லே” என்றார் என்னிடம்.

அத்தனை பேர் முன்னால், இனி என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழு மாதம் பேசவில்லை. மகளின் திருமணத்துக்குப் பத்திரிகை மட்டும் அனுப்பினேன். வந்தார், கடைசி வரிசையில் நின்றார், போய்விட்டார். ஜூலையில் அத்தான் அச்சகத்துக்கே வந்து, அக்காவுக்குப் புற்றுநோய் என்றார். ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே கிளம்பிப் போனேன்.

நான் பேசாமல் இருந்ததைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் பட்டியல் கட்டிலில் இருந்தே தொடங்கியது. காகம், மைனா, மாடப்புறா, தேன்சிட்டு. கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் பார்த்ததாக எதைச் சொன்னாலும் ஏற்கமாட்டார். ஆகவே அவரைத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ அண்ணாச்சி வருவார். பின்சீட்டில் தலையணை வைத்து, வாரம் ஒரு கண்மாய்.

கடைசியாகப் போனது பிப்ரவரி முடியும் நேரம். ஆட்டோவுக்குள் இருந்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. நிச்சயதார்த்தத்தன்று ஏன்க்கா எழுந்து போனீக என்று கேட்டேன்.

“விபத்து நடந்தா வார்டு வாசல்ல நின்னு, கொண்டு வாரவுகளை எண்ணுறது என் வேலைலே. அன்னைக்கு மண்டபத்துல அம்புட்டு கூட்டத்தையும் பார்த்ததும் என்னையறியாம எண்ண ஆரம்பிச்சுட்டேன். நிறுத்த முடியலை” என்றார். பிறகு, “பூநாரையைப் பார்க்கவும் ஆசைதான். இல்லைன்னு சொன்னா பொய்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது தூரத்துத் திட்டில் ஏழெட்டுப் பறவைகள் நின்றன. வரித்தலை வாத்தேதான், எழுதட்டுமா என்றேன். அது நாற்பதாவதாக இருந்திருக்கும். அக்கா பைனாகுலரைக் கண்ணில் வைத்து வெகுநேரம் முயன்றார். கானல் ஆடியது, அவர் கையும் ஆடியது.

“தலையில கோடு தெரியலை. எழுத வேண்டாம்.”

நான் நன்றாகப் பார்த்தேன் என்றேன். “நான் பார்க்கலையேலே” என்றார்.

பதினைந்து நாளில் போய்விட்டார்.

இந்த நினைவு மலரின் பின்பக்கத்தில் அந்தக் கடைசிப் பட்டியலைப் போடலாம் என்றபோது, நாற்பதாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று அத்தான் சொன்னார். எனக்கும் அதே ஆசை. வரித்தலை வாத்தைச் சேர்த்து அச்சுக் கோர்த்து, புரூப்பும் எடுத்துவிட்டேன். மறுநாள் அச்சகம் திறக்கும் முன்பே போய் நின்று அந்த வரியை எடுத்தேன். அத்தானிடம் சொன்னபோது, சரி, அவள் பட்டியல் அவள் இஷ்டப்படியே இருக்கட்டும் என்றார். முப்பத்தொன்பது பறவைகளும் அக்கா தன் கண்ணால் பார்த்தவை.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும், டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் முறை வைத்து அவர் அருகில் இருந்த வார்டுத் தோழிகளுக்கும், இறுதி ஆராதனையை நடத்தித் தந்த சபையாருக்கும், வெயிலில் உடன் நடந்து வந்த அச்சங்குளத்து உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆட்டோ அண்ணாச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பேசாமல் இருந்த அந்த ஏழு மாதமும் வாராவாரம் அக்காவைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனவர் அவர் என்பது அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நோய் என்று யாருக்கும் தெரியாத அந்த மாதங்களில், அக்கா கரை ஏற முடியாமல் நின்றபோதெல்லாம் கை கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார். அண்ணாச்சி, நான் கொடுத்திருக்க வேண்டிய கை அது.