வெயிலில் காய்ந்த சவ்வு

ஸ்ரனிஸ்லஸுக்கு வலை இழுக்கத் தோள் விடாது. போரின் கடைசிச் சண்டையில் ஏறிய செல் குண்டுத் துண்டு இன்னும் உள்ளேதான். அதனால் முல்லைத்தீவுக் கரையை விட்டுக் கண்டாவளைப் பக்கம் வந்து, உப்புப் பாத்திகளுக்கு அருகே ஒரு கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தாறு வயதில் இதை விட்டால் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

கம்பஸிலிருந்து வந்த பிரியந்தினிதான் அங்கே பொறுப்பு. உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் பற்றரிக்கு வேண்டிய லித்தியம் கொஞ்சம் இருக்கிறதாம். அதை மட்டும் ஊடே போகவிட்டு மற்ற உப்புகளை மறிக்கும் மெல்லிய சவ்வொன்றை அவளே செய்திருந்தாள். இரண்டு வருடமாகச் செய்ததெல்லாம் பிழையாகிப்போய், கடைசியில் சரிவந்தது இது ஒன்றுதான். பம்பை ஓட்டி அளவு எழுதுவது ஸ்ரனிஸ்லஸ். சும்மா சொல்லக்கூடாது, சவ்வு ஓடிய நாற்பத்தொரு நாளில் மனுசன் ஒரு நாள் பிந்தவில்லை.

அவள் யாழ்ப்பாணம் போயிருந்த வெள்ளிக்கிழமை பம்ப் பழுதானது. சவ்வைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி வைக்கும்படி போனில் சொன்னாள். இவர் இரண்டு தரம் கழுவினார். உப்புப்பட்டதை ஈரத்தோடு வைத்தால் உக்கிப்போகும் என்று கடற்கரையில் யாருக்குத் தெரியாது? வலையை விரிப்பது போல வெயிலில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். பாவி மனுசன், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

திங்கட்கிழமை பம்பைத் திருத்தி ஓட்டியபோது சவ்வைத் தாண்டி ஒரு சொட்டும் வரவில்லை. வெயிலில் விரித்ததை இவர் சொன்னார்.

“காஞ்சா ஓட்டையெல்லாம் மூடிப்போம், அண்ணை. பிழை என்னில. சொல்லாமல் விட்டிட்டன்,” என்றாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பணம் கொடுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஏன் நின்றது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஸ்ரனிஸ்லஸை அனுப்பிவிடுவார்கள் என்று பிரியந்தினிக்குத் தெரியும்.

“சவ்வு இந்தத் தண்ணிக்குத் தாங்கேல்லை, சேர்,” என்றாள்.

தாங்கியது. நாற்பத்தொரு நாளும் ஸ்ரனிஸ்லஸ் தன் கையாலேயே எழுதிய கணக்கு அது. நான்தான் காயப்போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு தப்பும், அவருடைய வேலை போகும். வாசலில் நின்ற ஸ்ரனிஸ்லஸ் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, வந்தவர்களுக்கு உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

தாங்காத சவ்வுக்கு இனிச் செலவழிக்க முடியாது என்று எழுதிவிட்டு அவர்கள் போனார்கள். மாத முடிவில் கொட்டிலைப் பூட்டினார்கள். இருவருக்கும் வேலை இல்லை.

சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் அவர் தயங்கித் தயங்கிப் போனார்.

“அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கலாம், மிஸ்.”

“ஓம், அண்ணை,” என்றாள் பிரியந்தினி. “திறந்திருக்கலாம்.”