கால் பக்கத்து ஓட்டை

கங்கையம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் டிரைவர் முகத்தையும் டயரையும் ஒரு முறை பார்த்துக்கொள்வாள். திருமுடிவாக்கத்தில் ரப்பர் வாஷர் செய்யும் சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை. இந்தப் பதினோரு வருஷத்தில் சோறு தின்னும்போதுகூடக் கைப்பையின் வார் அவள் இடது மணிக்கட்டை விட்டு இறங்கியதில்லை. பைக்குள் இருப்பதோ ஒரு சீப்பு, இரண்டு மாத்திரை, பழைய பஸ் டிக்கெட். இருந்தாலும் யாரை நம்புவது?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். முதலாளி படித்து முடித்த பேப்பர் ஒன்பது மணிக்குப் பேக்கிங் மேசைக்கு வந்துவிடும். பெரிய தாள்கள் வாஷர் சுற்றுவதற்கு. இணைப்பிதழ் மதியம் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரிப்பதற்கு.

வியாழக்கிழமை காலை, உடன் வேலை செய்யும் பிளஸ்ஸி இணைப்பிதழின் உடல்நலப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். "முப்பது வயதைக் கடந்த, கருப்பை வாய் உள்ள நபர்கள் அனைவரும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்."

"இன்னாடி இது, நபர்கள்? முழுசா தேடிப் பாரு, பொம்பளைன்னு எங்கனா கீதா?" என்றாள் கங்கையம்மாள்.

பிளஸ்ஸி தேடினாள். "இல்லக்கா. இப்பல்லாம் யாரும் விட்டுப்போவக் கூடாதுன்னு இப்படித்தான் எழுதுறாங்க."

"யாரும்னா? நம்ம சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் சாருக்கும் கர்ப்பப்பை கீதா?"

மேசையே சிரித்தது. கங்கையம்மாள் சிரிக்கவில்லை. "பொம்பளைன்னு சொல்லக் கூசறான்னா, இதுல ஏதோ வெச்சிகீறான். யாருக்கு பை கீது, யாருக்கு எடுத்தாச்சுன்னு கணக்கெடுக்கறானோ இன்னாவோ."

ஆனால் அடுத்த வரி அவளைப் பிடித்துக்கொண்டது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் தள்ளிப்போடக் கூடாதாம். அவளுக்கு நின்று மூன்று வருஷம். இப்போது இரண்டு மாதமாகப் படுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் செய்திக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம், எங்கே, எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தது. மதியம் கிழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மதியம் தாளை விரித்தால் நடுவில் ஓட்டை. அந்தச் செய்தி இருந்த கால் பக்கத்தைக் காணோம். அதே பேப்பர் வாங்கும் டீக்கடைக்கு ஓடினாள். அங்கே அந்தப் பக்கம் யாருடைய வடையோடோ போயிருந்தது. காலையில் அப்படிப் பேசிவிட்டு, இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

திரும்பி வந்து ஓட்டையை ஆராய்ந்தாள். கிழித்ததில்லை, பிளேடு. நூல் பிடித்தாற்போல நேர்க்கோடு. வாஷரில் பிசிறு வெட்டும் தாவீதைத் தவிர அந்தக் கம்பெனியில் இப்படி வெட்ட ஒரு கை கிடையாது. முப்பத்திரண்டு வயது, மெல்லிய மீசை, யாரோடும் சேர்ந்து சாப்பிடமாட்டான். கம்பெனி கழிவறை இருக்கும்போது பெட்ரோல் பங்க் வரை நடந்துபோவான். எதையோ கடத்துகிறான் என்று அவளுக்கு ஒரு வருஷமாகவே சந்தேகம்.

"தாவீது, அந்தப் பேப்பரை இன்னாத்துக்கு வெட்டின?"

பிளேடு நின்றது. "அம்மாவுக்குக்கா."

"உங்கம்மா நாகர்கோவில்ல கீறாங்கன்ன. இந்த கேம்புக்கு அங்கருந்தா வருவாங்க?"

அவன் நிமிர்ந்தான். "உங்களுக்கு எதுக்குக்கா? காலைல அவ்வளவு பேசினீங்க."

"பக்கத்து வூட்டு அக்காவுக்கு."

இருவரும் ஒருவரையொருவர் கொஞ்சமும் நம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். அவன் பர்ஸிலிருந்து தாளை எடுத்துக் காட்டினான், கையில் கொடுக்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம், காலை ஒன்பது மணி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தில் கங்கையம்மாள் பதினேழாம் நம்பர் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

"சார், இது லேடீஸுக்கு மட்டும். உங்க வீட்டு ஆள் உள்ள இருந்தா வெளிய வெயிட் பண்ணுங்க," என்று டோக்கன் கொடுக்கும் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே தாவீது. வாயைத் திறக்காமல் அந்தத் தாளை நீட்டி, ஒரு வரியின்மேல் விரலை வைத்திருந்தான். பெஞ்சில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

கங்கையம்மாளுக்குப் பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தது. தனிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பெண் உடம்போடு பிறந்து ஆணாக வாழ்கிற பிள்ளை. கடத்தியது அதைத்தான். அவன் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தான்.

எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். தாளை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"இதுல லேடீஸுக்கு மட்டும்னு எங்க போட்டுகீது? காட்டும்மா பாக்கலாம்."

"அது வந்து..."

"நபர்கள்னு போட்டுகீது. இவர் ஒரு நபர். டோக்கன் குடு."

அந்தப் பெண் படித்தாள். மறுபடியும் படித்தாள். தாவீதை நிமிர்ந்து பார்த்தவள், "சாரி" என்று மெதுவாகச் சொல்லிப் பதினெட்டாம் நம்பரைக் கொடுத்தாள்.

இருவரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"பக்கத்து வீட்டு அக்கா வரலையா?" என்றான் தாவீது.

"உங்கம்மா வண்டி ஏறிட்டாங்களா?"

அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள். அதற்குள் பதினேழு என்று கூப்பிட்டார்கள். அவள் பையின் வாரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

"போங்கக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

எழுந்தாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த வாரை அவிழ்த்துப் பையை அவன் மடியில் வைத்தாள். திரைச்சீலை வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஜிப்பைத் தொறந்த, அவ்ளோதான்."