ஓரக்குழிகளைச் சந்தேகப்பட்டவள்

உயிரியல் பட்டம் வாங்கிய கையோடு அவளுக்கு வீட்டில் "அரை டாக்டர்" என்று பெயர் விழுந்தது. வைத்தவன் அண்ணன். மருத்துவப் படிப்பு இரண்டு மதிப்பெண்ணில் கைநழுவியதை அவன் அவளை மறக்கவிட்டதே இல்லை.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். செய்தது குடுவை கழுவுவது. எட்டு மாதம் கழுவிய பிறகு செல்களுக்குத் தீனி போடும் வேலைக்கு உயர்ந்தாள். நோயாளிகளிடமிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்கள் அங்கே இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் வளர்ந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் திரவத்தை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, விசேஷம் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அண்ணன் கல்யாணத்தன்று காலையிலும் புதுத்துணியோடு ஓடிப்போய் மாற்றிவிட்டுத்தான் வந்தாள்.

"புற்றுநோய்க்கே சாப்பாடு போட்டு வளர்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றான் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த அண்ணன்.

அந்த வருடம் ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள தட்டு. மருந்து போட்ட குழிகள் ஓரத்தில், போடாதவை நடுவில். ஓரத்துச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தலைமை ஆராய்ச்சியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இவளுக்கு மட்டும் உறுத்தியது. தீனி போடும்போதெல்லாம் ஓரக்குழிகளில் திரவம் வற்றியிருப்பதைப் பார்த்தவள் அவள்தானே. யாரிடமும் சொல்லாமல் ஒரு தட்டை மருந்தே போடாமல் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஓரத்துச் செல்கள், திரவம் வற்றியே, செத்துக் கிடந்தன.

"மேடம், ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க."

"கோபப்படற மாதிரி விஷயமா?"

"ஆமா மேடம்."

தலைமை ஆராய்ச்சியாளர் தட்டை நுண்ணோக்கியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அன்று முழுக்க அறைக்கதவு திறக்கவில்லை. இவள் வேலை போச்சு என்றே முடிவுகட்டி, மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்தாள். மறுநாள் காலை கூப்பிட்டார்.

"கட்டுரையை நேத்து அனுப்பறதா இருந்தேன். நல்லவேளை. எல்லாத்தையும் திரும்பச் செய்யணும், நீயும் கூட இரு. ஆமா, உன்னைப் போய்க் குடுவை கழுவ விட்டது யாரு?"

"நீங்கதான் மேடம்."

நான்கு மாதம் திரும்பச் செய்தார்கள். மருந்து வேலை செய்தது, நினைத்ததில் பாதிதான். கட்டுரையில் இவள் பெயரும் வந்தது. மேடமே விண்ணப்பம் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பவைத்து, முனைவர் பட்டத்துக்கு அனுப்பினார். அது ஆறு வருடம் இழுத்தது.

இன்று அவளுக்குக் கீழே நான்கு பேர். மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் ரத்தப் புற்றுநோய்ச் செல்களை எது மடக்கும் என்று தேடுகிறார்கள். போன மாதம் மூன்று மருந்துகளில் இரண்டு உதவாது என்று உறுதியானது. அவள் முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தாள்.

"இத்தனை வருஷம் படிச்சு, வேலை செய்யாத மருந்தைக் கண்டுபிடிச்சியாக்கும்?" என்றான் அண்ணன்.

"ஆமா. இனிமே அதை எந்த நோயாளிக்கும் வீணா ஏத்த மாட்டாங்க இல்ல?"

அண்ணன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"மூணாவது?" என்றான் மெதுவாக.

"திங்கக்கிழமை தெரியும்."