கையை விட்டு ஓட்டுகிறவர்

வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் பட்டறையை விட்டு வெளியே வந்து நேர்ச்சாலையைப் பிடித்ததும் நூல்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருக்கும் வண்டியின் சொந்தக்காரர் தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிடுகிறார். நூல்காரர் காதில் அது விழாது. "பிடிச்சுக்கிட்டு ஓட்டினா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். விட்டாத்தான் குணம் தெரியும்" என்பார்.

சக்கரங்களின் நேர் பார்க்கக் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருக்கிறார். மெஷின் சரி என்று சொன்ன பிறகும், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால்தான் இவருக்குச் சோறு இறங்கும். நூல்காரர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். மெஷின் மேல் மட்டும் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். நான் மணி சொன்னால்கூடத் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கிற மனிதர். ஒரு சின்னக் காரும் நிறைய வெட்டிப் பொழுதும் உள்ளவன் நான். அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பேன்.

எப்போது பார்த்தாலும் சோர்ந்துதான் இருப்பார். வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்ததும் எழுந்திருக்க மாட்டார். பம்பரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே இருப்பார். என்னண்ணே என்று கேட்டால், "நான் வந்துட்டேன், இடுப்பு இன்னும் வெளிய வரல" என்பார்.

அவருடைய ஜென்மப் பகை, உயர்த்திக் கட்டிய ஜீப்புகள். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கிறதல்லவா, அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் ஆக்சிலுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. பெரிய ஸ்பிரிங் போட்டு உடம்பை உயர்த்தியதும் ஆக்சில் முன்னால் உருண்டு அந்தச் சாய்வு தொலைந்துவிடும். அதன் பிறகு வண்டி தன்னிஷ்டத்துக்கு அலையும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. "ஆட்டுக்கு வாலை அளந்துதான் வெச்சிருக்கான். இவனுங்க யானை வாலை ஒட்டிக்கிட்டு வந்து நிக்கிறானுங்க" என்று முனகிக்கொண்டே அடியில் நுழைவார்.

போன வாரம் அப்படி வந்து நின்றது வேறு யாருடையதும் இல்லை, அவர் மனைவியின் தம்பியுடைய ஜீப். ஏறுவதற்கே ஏணி வேண்டும், அவ்வளவு உயரம். ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, அதை மட்டும் நேராக்கித் தந்தால் போதும் என்றான் மச்சான். மறுநாள் அக்காவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறானாம். மலைமேல் இருக்கும் நூல்காரரின் மகளையும், பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும் பேரப்பிள்ளையையும் அழைத்துவரப் பயணம். ஒரு கம்பியின் நீளத்தை மாற்றினால் ஸ்டீயரிங் நேராக நின்றுவிடும். மச்சானும் வாயை மூடிக்கொண்டு போவான். நூல்காரரோ சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆக்சிலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு ஆர்ம்களையும் கழற்றினார். அவற்றின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ்ஷை அழுத்தி ஏற்றினால் ஆக்சில் பழையபடி பின்னால் சாயும். முந்தைய நாளும் இவர் சரியாகத் தூங்கவில்லை. ஆர்ம்களை மேஜையில் கவிழ்த்துப் போட்டிருந்ததை மறந்து, புஷ்ஷைத் தலைகீழாக ஏற்றிவிட்டார்.

மாட்டி முடித்ததும் மெஷினுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே சாலைக்கு எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன். கையை விட்டார். ஜீப் பள்ளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. வெடுக்கென்று பிடித்துத் திருப்பினார். பட்டறைக்குத் திரும்பி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல், யானைக்கும் அடி சறுக்கும்தானேண்ணே என்றேன்.

"சறுக்கட்டும். நாளைக்கு அது மேல யாரு உக்காந்திருக்கா?" என்றார்.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். புஷ்ஷைப் பிதுக்கி வெளியே தள்ளி, திருப்பி ஏற்றினார். மச்சான் நடுநடுவே வந்து, "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஸ்டீயரிங்கை நேராக்கும் வேலையைக் கடைசியில்தான் செய்தார். மெஷின் பச்சை காட்டியது. நூல் கட்டினார், அதுவும் சரி என்றது. அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

சாப்பிடக்கூட வராத மனிதரைத் தேடி மனைவியே பட்டறைக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று நூல் கட்டுவதைப் பார்த்தார். நேரே ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இறங்கச் சொன்னார் நூல்காரர். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். மச்சானும் நானும் பின்னால் ஏறினோம்.

நேர்ச்சாலை வந்தது. எந்த ஊரான் வண்டியிலும் கையை விடுகிற மனிதர், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். சாலை முடியும் இடத்தில் திருப்பி வந்தார். அப்போதும் விடவில்லை.

"ஏங்க, பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க?" என்றார் மனைவி.

"கை வலி" என்றார் இவர்.

அந்த அம்மாள் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கில் தன் பக்கம் இருந்த அவர் கையை, விரல் விரலாகப் பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்து மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, நூல்காரர் மற்றக் கையையும் எடுத்தார்.