மாமரத்துக்கு ஜாமீன்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆசையாக ஒரு பங்கனப்பள்ளி ஒட்டு வைத்தேன். தை மாதம் மரம் நிறையப் பூக்கும். பின்னாலேயே கடலிலிருந்து உப்புக் காற்று வந்து அத்தனையையும் கருக்கிவிடும். வருடா வருடம் பூவைக் கூட்டி அள்ளினேனே தவிர, காயைக் கண்ணால் பார்க்கவில்லை. அந்த மரம் என் பிள்ளை மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பிள்ளையை இவ்வளவு கவனித்ததில்லை.

இதற்கிடையில் என் கணவர் கார் வாங்கினார். நிறுத்துவதற்கு மரம் இருக்கும் இடத்தைவிட்டால் வேறு இடமில்லை. "இந்த வருஷமும் காய்க்கலைன்னா எடுத்துடலாம்" என்றார்.

அசோக் நகரில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன். "மரத்தை மிரட்டினீங்களா?" என்று கேட்டாள். காய்க்காத மரத்தை வெட்டுவதாக ஒருவர் அரிவாளை ஓங்க வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, அடுத்த தடவை காய்க்கும் என்று ஜாமீன் நிற்க வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடுமாம். மிரட்டுவது அவர், கெஞ்சுவது நான் என்று முடிவாயிற்று.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரிவாளோடு வாசலுக்கு வந்தால், மனிதர் மரத்தடியில் டேப் பிடித்து, கார் நிற்குமா என்று அளந்துகொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"வெட்டிடுவேன்!" என்று ஓங்கினார்.

"நிஜமாவே வெட்டிடுவேன்!" இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே இஸ்திரி போடுபவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், மரத்தாண்ட சண்டை போட்டுக்கினு கீறீங்க?"

இவருக்குக் காது சிவந்துவிட்டது. யாராவது தடுத்தால்தானே கையை இறக்க முடியும்? கடைசியில் அவரே குரலை இறக்கி, "பாவம், விட்டுடலாம். இந்த உப்புக் காத்துல அதுதான் என்ன பண்ணும்? அடுத்த தடவை காய்க்கும்" என்றார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கார் மதிலுக்கு வெளியே, கிளைக்கு அடியில் நின்றது.

சித்திரையில் மரம் காய்த்தே விட்டது! ஒரு மத்தியானம் காற்று பலமாக வீச, பெரிய காய் ஒன்று காரின் மேல் டங்கென்று விழுந்தது. இருவரும் ஓடினோம். பானட்டில் நல்ல குழி. அவர் குனிந்து, உருண்டு கிடந்த காயை எடுத்து வேட்டியில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, அடிபடலை" என்றார்.